மர்யம் இறக்கிய அஞ்சடி

கோலிக்குண்டு உருண்டு போய்த் தூணோரம் நின்றுவிட்டது. குந்தி உட்கார்ந்திருந்த மர்யம் அதை ஒரு முறை முறைத்தார். எடுத்துத் துடைத்து, ஒரு சாண் தள்ளி வைத்து மறுபடியும் விட்டார். இந்தத் தடவை அது மழைநீர்க் கால்வாய்ப் பக்கமாக ஓடியது. "இதான், இப்படித்தான் ஓடணும்" என்று அதற்கே ஒரு சபாஷ் போட்டார். காலை ஏழரை மணி. கடைகளில் இரும்புக் கதவுகளைத் தூக்கும் சத்தம். வேலைக்குப் போகும் அவசரத்தில் வந்த பெரியவர் ஒருவர் நின்றார்.

"என்னம்மா, லென்ஸ் விழுந்துடுச்சா?"

"இல்ல அங்கிள். தரை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்குறேன்."

"சாயுதா!" பெரியவர் தலைக்கு மேலிருந்த மாடியை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு சாலையில் இறங்கி நடந்தார்.

லேசர் மட்டம் மர்யமிடம் இல்லாமல் இல்லை. அலுவலகத்தில் இரண்டு இருக்கின்றன. "லேசர் நம்பர் சொல்லும். தண்ணி எங்க நிக்கும்னு இதுதான் சொல்லும்" என்பார். பச்சைக் கோடு ஓடும் கண்ணாடிக் குண்டு அது. மகள் யும்னா தொடக்கப்பள்ளியில் விளையாடியது. மகள் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், குண்டு அம்மாவின் கைப்பைக்கு வந்துவிட்டது. தேக்காவின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால், மாடிக்கு அடியில், தூண் வரிசைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நடைவழி ஓடுமே, அஞ்சடி என்பார்களே, அதில் மர்யம் குண்டு உருட்டாத இடம் இல்லை. வெயிலுக்கும் மழைக்கும் ஊரே அதற்குள்தான் நடக்கிறது. நடக்கிறவர்களில் எத்தனை பேர் காலுக்கடியில் பார்த்திருப்பார்கள் என்று கேட்டால் மர்யம் ஒருவரைத்தான் கைகாட்ட முடியும்.

வயது நாற்பத்துமூன்று. மார்சிலிங்கில் நான்கறை வீடு. ரயிலேறி நியூட்டனில் மாறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கினால் லிட்டில் இந்தியா, அதாவது தேக்கா. பாஜு குரோங் என்கிற நீண்ட மலாய் உடையும் அதன் கீழே கனத்த விளையாட்டுக் காலணியும்தான் தினசரி உடுப்பு. கட்டுமான இடத்துக்குள் நுழையும்போது முக்காட்டுக்கு மேலே ஒரு வெள்ளைத் தலைக்கவசமும் ஏறிக்கொள்ளும். யாராவது ஒரு அறைக்குள் அழைத்துப் போனால், உட்காரச் சொல்வதற்குள் கதவின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்து முடித்திருப்பார். கல்யாண வீட்டில்கூட அப்படித்தான். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால், "மேடைக்குப் படி ரொம்ப உயரம்" என்று பதில் வரும்.

இன்னொரு பழக்கம் உண்டு. பேருந்து ஓட்டுநருக்கு நன்றி சொல்லி இறங்குகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். மர்யம் கிரேனுக்கும் சொல்வார். அத்தனை உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் காது கேட்கவா போகிறது? கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் நகருவார். அலுவலகத்தில் அச்சு இயந்திரத்துக்கும் ஒரு தேங்க்ஸ். "அக்கா, பிரிண்டருக்குக் காது இல்ல லா" என்று கிண்டல் செய்வார் முதலாளி ரோஷினி.

"பேப்பர் சிக்காம வந்துச்சுல்ல? சொன்னா என்ன குறைஞ்சுபோச்சு?"

இந்த ரோஷினியைப் பற்றிச் சொல்லாமல் மர்யமைப் பற்றிச் சொல்ல முடியாது. மர்யமைவிட நான்கு வயது இளையவர். கட்டடக் கலைஞர். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடத் தாராளம். மர்யம் டிப்ளோமா முடித்துவிட்டுப் பன்னிரண்டு வருஷம் மற்றவர்கள் யோசித்த கட்டடங்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தவர். முப்பத்துமூன்றாம் வயதில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மாலை நேரப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். அப்போதுதான் ரோஷினி தனியாக ஒரு சின்ன அலுவலகம் திறந்திருந்தார். மொத்தமே ஐந்து நாற்காலி. வாரத்தில் மூன்று நாள் நாலரை மணி அடித்தால் ரோஷினியே எழுந்துவந்து மர்யமின் கணினித் திரையை அணைத்துவிடுவார். "கிளாஸுக்கு லேட் ஆவுது, கிளம்புங்க அக்கா." ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஐந்து வருஷம். மர்யம் இதைச் சொல்லும்போது இன்னமும் குரல் தழுதழுக்கும். "அல்லா எனக்கு அனுப்பின ஆளு" என்பார்.

பட்டம் வாங்கிய பிறகு வந்த முதல் பெரிய வேலையின் தாள்களை ரோஷினி சுருட்டி மர்யமின் மேசையில் வைத்தார். "சட்டப்படி சைன் என்னோடது. மத்தபடி இது உங்க பில்டிங். என்கிட்ட வந்து கேட்டுக்கிட்டு நிக்காதீங்க."

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெரு. இரண்டு பக்கமும் நூறு வயது தாண்டிய கடைவீடுகள். நடுவில் மூன்று கடை அகலத்துக்கு, எழுபதுகளில் அவசரத்துக்குக் கட்டிய ஒரு கான்கிரீட் பெட்டி நின்றிருந்தது. அதை இடித்தபோது ஒருவரும் கண் கலங்கவில்லை. மனை ஜவுளிக்கடை முகமது யூசுப்புக்குச் சொந்தம். கீழே கடைகள், மேலே பல் மருத்துவர், துணைப்பாட வகுப்பு, அலுவலகம் என்று ஐந்து மாடி வேண்டும் என்றார். மரபுடைமை வட்டாரம் ஆயிற்றே, நினைத்தபடி எழுப்பிவிட முடியுமா? முகப்பு எவ்வளவு உயரம், ஐந்தாவது மாடி எவ்வளவு பின்வாங்கி நிற்க வேண்டும், சுவருக்கு என்ன நிறம் என்று எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்க வேண்டும்.

மர்யம் முதலில் வரைந்த முகப்பில் பக்கத்து வீடுகளின் சன்னல், பூ வேலைப்பாடு, ஓட்டுக் கூரை அத்தனையும் அப்படியே இருந்தன. வரைந்து சுவரில் ஒட்டி ஒரு வாரம் பார்த்தார். யாரோ பக்கத்து வீட்டுச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டார். அடுத்து வரைந்ததில் பூவும் இல்லை, வளைவும் இல்லை. சன்னல்களின் அகலமும் தூண்களின் இடைவெளியும் மட்டும் அக்கம்பக்கத்து அளவுக்கு ஒத்துப்போயின. யூசுப் பார்த்துவிட்டு, "ரொம்ப சாதாவா இருக்கே" என்றார். "பக்கத்துல ரெண்டு பேரும் பட்டுப்புடவை கட்டியிருக்காங்கல்ல, நாம பருத்தி கட்டுவோம்" என்றார் மர்யம். ஜவுளிக்காரருக்கு அது புரிந்தது.

கோடு போடும் முன்பு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் எதிர்க் கோப்பிக்கடையில் போய் உட்கார்ந்திருக்கிறார். ஞாயிறு மாலை தேக்காவில் நிற்க இடம் கிடைக்காது. தீவு முழுக்கக் கட்டடம் கட்டுகிறவர்கள் அன்றைக்குத்தான் நண்பர்களைப் பார்க்க வருவார்கள். யார் எந்தத் தூணில் சாய்கிறார்கள், எத்தனை நேரம் சாய்கிறார்கள் என்று ரசீதின் பின்புறம் குறித்துக்கொண்டே இருந்தார். சதுரத் தூணில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஒருவரும் சாய்வதில்லை. முனை முதுகில் குத்துகிறது. மர்யமின் நான்கு தூண்களுக்கும் அதனால் முனை கிடையாது. வெளித்தூண் ஒன்றில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் வரைந்தார்.

"யாரு வேணாலும் திறப்பாங்களே?" என்றார் யூசுப்.

"திறக்கத்தானே குழாய்?"

யூசுப் தாடியைத் தடவிக்கொண்டார். குழாய் தப்பித்தது.

வலப்பக்கத்துக் கடை மங்களத்துடையது. பூக்கடை. அறுபத்தேழு வயது, நான்கு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து போனதிலிருந்து இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இரண்டு தெரு தள்ளி வீவக அடுக்குமாடி வீட்டிலிருந்து மின்சார நாற்காலி வண்டியில்தான் கடைக்கு வருவார். மடியில் பூக்கூடை, கழுத்தில் கைப்பேசி. பழைய கட்டடம் இருந்தவரை அதன் அஞ்சடி வழியாக நேராகக் கடைக்குள் போய்விடுவார். இடித்துத் தகரத் தடுப்பு போட்ட பிறகு, தடுப்புக்கு வெளியே சாலையோரமாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. மர்யமைப் பார்த்தால் போதும், பிடித்துக்கொள்வார்.

"எப்பம்மா முடிப்பே? ரோட்டுலயே போறேன். பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், எனக்கு உசுரே போயிடுது."

"முடிஞ்சிடும் அக்கா. முடிஞ்சா உங்க வீட்டுலேருந்து கடை வரைக்கும் ஒரே வழி. ஏற வேணாம், இறங்க வேணாம்."

"பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

சென்ற வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. கட்டடத்தின் உள்பக்கத் தரை உத்திரங்களுக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. முன்பக்கம் அஞ்சடித் தரைதான் பாக்கி. சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, மறுநாள் காலை எட்டு மணிக்குக் கான்கிரீட் லாரிக்குச் சொல்லியிருந்தார்கள். பக்கத்துத் தரையோடு சேரும் விளிம்பைக் கட்டுவதற்காக அன்று மாலை நான்கு மணிக்கு வலப்பக்கத் தகரத்தைக் கழற்றினார்கள். மேற்பார்வையாளர் அருண்ராஜ் நூல் பிடித்தார். புதுக்கோட்டைக்காரர், பூன் லேயில் தங்கியிருக்கிறார், ரசமட்டத்தைக் கையில் பிடித்தபடியே பிறந்தவர் மாதிரி நடப்பார்.

நூல் பலகையிலிருந்து புறப்பட்டு மங்களத்தின் கடைத் தரையை மயிரிழை பிசகாமல் போய்த் தொட்டது. மர்யம் முழங்காலிட்டுப் பார்த்தார். அப்பாடா என்றிருந்தது. இரண்டு வருஷம் தாளில் போட்ட கோடு, நிஜத்தில் வந்து ஒட்டி நிற்கிறது! "அருண், சூப்பர் பா, ரொம்ப தேங்க்ஸ்" என்றார். நூலுக்கும் ஒரு தேங்க்ஸ் சொல்லியிருப்பார், ஆள்கள் இருந்ததால் விட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மங்களம் வந்தார். கடை வாசலில் அவருடைய ஆள்கள் இருவர் ஒரு சாய்வுப் பலகையைப் போட்டு, வண்டியைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினார்கள். வண்டி குலுங்கிப் பச்சைக் கம்பளத்தின் மேல் ஏறி நின்றது. கூடையிலிருந்து நாலு சாமந்தி கீழே விழுந்தது.

"என்னக்கா, ஏறச் சிரமமா இருக்கா?"

"பண்டிகைக்குப் போடுற மேடைம்மா, காலையிலதான் போட்டாங்க. விளக்கு, மாலையெல்லாம் பரப்பி வைக்கணுமே. தீபாவளி முடிஞ்ச மறுநாள் பிரிச்சிருவாங்க. அப்புறம் பழையபடி தரையோட தரை."

மர்யம் எழுந்து போய்க் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினார். கீழே ஒட்டுப்பலகை. அதற்குக் கீழே கட்டைகள். அதற்கும் கீழே, எங்கேயோ கிணற்றின் அடியில் கிடப்பதுபோல், மங்களத்துடைய கடையின் உண்மையான தரை. அளவு நாடாவை இறக்கினார். பதினெட்டு சென்டிமீட்டர்.

எப்படி நடந்தது என்று யோசிக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மனையை அளந்த நாள் அப்படியே கண் முன்னால் வந்தது. அதுவும் ஒரு தீபாவளிக் காலம். நில அளவையாளர் எதிர்ப்பக்கம் கருவியோடு நின்றார். தரை உயரம் பார்க்க அளவுகோல் பிடிக்கிற உதவியாளர் பிரியாணி சாப்பிடப் போயிருந்தார். "நான் பிடிக்கிறேன் சார்" என்று மர்யம்தான் கோலை வாங்கிக்கொண்டு போய் மங்களத்தின் கடை வாசலில் நிறுத்தினார். கால் நின்ற இடம் பச்சைக் கம்பளம். வெளியூர்க்காரர் யாராவது இருந்திருந்தால், இது என்ன மேடை என்று கேட்டிருப்பார். மர்யம் சின்ன வயதிலிருந்து தீபாவளிக் கூட்டத்தில் இந்த மேடைகளில் ஏறி இறங்கி வளையல் வாங்கியவர். ஐப்பசி வந்தால் தேக்காவில் தரை கொஞ்சம் உயரும் என்பது அவருடைய காலுக்கு அத்தனை பழக்கம். ஏறியது மூளைக்குத் தெரியவே இல்லை. அந்த ஒரு எண்ணிலிருந்துதான் கட்டடத்தின் தரை உயரம் முழுவதும் கணக்கிடப்பட்டிருந்தது.

அருண்ராஜ் குனிந்து பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"விடுங்க மேடம். இந்த ரோட்டுல எல்லாக் கடையும் ஏறி எறங்கித்தானே இருக்கு? பதினெட்டு சென்டி ஒரு படி. மஞ்சக் கோடு போட்டுடலாம். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அவர் சொன்னது பொய் இல்லை. ஒருவரும் கேட்க மாட்டார்கள். அஞ்சடி என்றாலே நாலு கடைக்கு ஒரு படி இருக்கும், ஊருக்கே தெரியும். சாய்தளம் வைத்தும் சமாளிக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் கைப்பிடி வைக்கச் சொல்வார்கள், தூணுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற வழியில் கைப்பிடி வந்தால் மங்களத்தின் வண்டி நுழையாது. மர்யம் கட்டிய கம்பியைப் பார்த்தார், கழற்றிய தகரத்தைப் பார்த்தார், உள்ளே மங்களம் பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஆள்களை விரட்டுவதைப் பார்த்தார். நாளைக்கு இந்நேரம் கான்கிரீட் இறுகியிருக்கும். ரோஷினி நம்பிக் கொடுத்த முதல் கட்டடம். நாடாவைச் சுருட்டினார்.

"வேணாம் அருண். நாளைக்குக் கான்கிரீட்டை நிறுத்துங்க. கோலைப் பிடிச்சது நான்தான்."

அருண்ராஜ் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். கான்கிரீட் ஆலைக்காரரிடம் அவர் பேசியது மர்யமின் காதிலும் விழுந்தது. "கம்பி வேலை முடியல சார். ஆமா, எங்க பக்கம்தான் லேட். சாரி சார்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க? கம்பியெல்லாம் முடிஞ்சிருச்சே?"

"உங்க பேரு எதுக்கு மேடம் அங்க?" என்று அருண்ராஜ் தலையைச் சொறிந்தார். "எங்க ஆளுங்க பதினாலு பேரு. அத்தனை பேரு பேரும் உங்களுக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

மர்யம் அன்றைக்கு முதல்முறையாக ஒருவருக்கு நன்றி சொல்ல வாய் வராமல் நின்றார்.

அலுவலகம் இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி. நடந்தே போனார். வழியெல்லாம் ஒத்திகை. எப்படி ஆரம்பித்தாலும் கேட்க நன்றாக இல்லை. ரோஷினி கறிபஃப் சாப்பிட்டுக்கொண்டு மின்னஞ்சலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மர்யம் உட்காராமல், நின்றபடியே, கம்பளத்தில் ஆரம்பித்துப் பதினெட்டு சென்டிமீட்டரில் முடித்தார். ரோஷினி கறிபஃபைக் கீழே வைத்தார்.

"சர்வே டிராயிங்ல உங்க சைன் இல்லையே அக்கா."

"இல்ல. அவரோட சைன். ஆனா கோலை அங்க வெச்சது நான். அவர் பாவம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாரு."

"ஒரு படியோட விட்டா யாருக்குக் கஷ்டம்?"

"மங்களக்காவுக்கு."

"ஒருத்தருக்கு?"

"எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர். தெரியாம எத்தனை பேரோ."

ரோஷினி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதற்குள் மர்யம் தன் ஐந்து வருஷ மாலை வகுப்புகளையும் ஒவ்வொன்றாக எண்ணிவிட்டார். இத்தனை செய்தவளுக்கு நான் கொடுத்தது இதுதானா? கடைசியில் ரோஷினி திரும்பினார்.

"உள்ள பீமெல்லாம் போட்டாச்சு. அதை இறக்க முடியாது. அஞ்சடியை மட்டும் இறக்கினா, கடை வாசல் உயரமா நிக்குமே?"

"யோசிச்சுட்டேன். சாய்வை உள்ள வெச்சுடலாம். ஒவ்வொரு கடையிலயும் வாசல்லேருந்து ரெண்டு மீட்டருக்குத் தரை மெதுவா ஏறட்டும். தப்பு நம்மளோடது, அது நம்ம வாசலுக்குள்ளயே இருக்கட்டும். போற வர்றவங்க காலுக்கு எதுக்கு?"

"யூசுப் பாய் கத்துவாரு."

"நான் போய்ச் சொல்றேன்."

"நீங்க போகாதீங்க" என்றார் ரோஷினி. "நீங்க போனா, நான்தான் நான்தான்னு அழுதுட்டு வருவீங்க."

மறுநாள் ரோஷினி போனார். ஆனால் மர்யமும் கூடவே போனார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? ஜவுளிக்கடை மாடியில் யூசுப் முக்கால் மணி நேரம் கத்தினார். நோன்புக்கு முன்னால் கடைகளைத் திறந்துவிடக் கணக்குப் போட்டிருந்தவர். ஒன்பது நாள் தாமதம், மூன்று கடையிலும் வாசல் சாய்வு. எந்த உரிமையாளர்தான் சிரித்துக்கொண்டே கேட்பார்? யாருடைய தப்பு என்று அவர் நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் மர்யம் வாயைத் திறப்பதற்குள் ரோஷினி பதில் சொல்லிவிட்டார். "எங்க ஆபீஸ் தப்பு." ஒரு பெயரும் வரவில்லை. யூசுப் களைத்துப் போய், கடைசியில், "சரி, சாய்வு வழுக்காம இருக்கணும். என் உம்மா வருவாங்க" என்றார். படி இறங்கும்போது மர்யம் ரோஷினியின் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. தெருமுனை வரைக்கும் இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் அப்படியே நடந்தார்கள்.

ஒன்பது நாள். கட்டிய கம்பியைப் பதினாலு பேர் பிரித்தார்கள், மண்ணை வெட்டி எடுத்தார்கள், பதினெட்டு சென்டிமீட்டர் கீழே மறுபடியும் பலகை அடித்தார்கள். செய்த வேலையைத் திரும்பச் செய்வதுபோல அலுப்பான வேலை உலகத்தில் கிடையாது. மர்யம் தினமும் மாலை மூன்றரைக்குத் தே தாரிக் டீயும் கறிபஃபும் வாங்கிக்கொண்டு வந்து, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். "என்னாலதான் இந்த வேலை உங்களுக்கு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர்களில் ஒருவர், "எங்களுக்கு வேலை இருக்குல்ல மேடம், அதுக்கு நாங்கதான் தேங்க்ஸ் சொல்லணும்" என்றார். கூட்டமே சிரித்தது. மர்யமும் சிரித்தார். அன்றைக்கு வீட்டில் கொஞ்சம் சோறும் இறங்கியது.

மங்களத்திடம் மட்டும் இதுவரை சொல்லவில்லை. சொல்லப் பலமுறை வாயெடுத்திருக்கிறார். உங்கள் வழியில் ஒரு படி வைக்க இருந்தேன், நீங்கள் வாயைத் திறந்ததால் தப்பித்தேன் என்பதை எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த அம்மாள் விடுவாரா, தெருவுக்கே கேட்கிற மாதிரி அல்லவா விசாரிப்பார்! அதனால் வெள்ளிக்கிழமைதோறும் பூக்கடையில் இரண்டு முழம் மல்லிகை வாங்குகிறார் மர்யம். அவர் பூ வைப்பதில்லை. ரயிலில் கூடவே வந்து மார்சிலிங்கில் எதிர்வீட்டுக் கதவுக்குப் போய்விடுகிறது அது. "உனக்கு எதுக்கும்மா இவ்வளவு பூ?" என்று மங்களம் ஒரு தடவை கேட்டார். "வாசனை பிடிக்கும்க்கா" என்று சமாளித்தார்.

போன புதன்கிழமை முன்பக்கத் தகரத்தை எடுத்தார்கள். மேல்மாடிகளில் இன்னும் வண்ணம் பூசுகிறார்கள். கீழே அஞ்சடி மட்டும் திறந்தாயிற்று. இடப்பக்கத்து மளிகைக்கடையில் ஆரம்பித்து மங்களத்தின் வாசல் வரைக்கும் ஒரே வழி. காலை ஒன்பது மணிக்குள் அந்த வழியாக நூறு பேராவது போயிருப்பார்கள். ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தார், ஒருவர் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார், கடகடவென்று ஓடிய பெட்டி சத்தம் மாறாமல் அந்தப் பக்கம் போயிற்று. எதிர்ப்புறம் கோப்பி குடித்துக்கொண்டிருந்த ரோஷினி, தொலைவிலிருந்தே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

மர்யம் வலக்கோடியில், புதுச் சாம்பல் நிறத் தரையும் மங்களத்தின் பழைய செங்காவித் தரையும் சேருகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கால் புதுசில், ஒரு கால் பழசில். காலணிக்கு அடியில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றால் எங்கே புதுசு முடிகிறது என்று அவருக்கே சொல்ல வராது. கண்ணை மூடித்தான் நின்றார்.

பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது. கைப்பேசியைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, யாரையோ காய்ச்சிக்கொண்டே வந்தார் மங்களம். "ஆறு மணிக்கு ரோஜா வந்துரும்னீங்க, மணி ஒம்பது. முகூர்த்த நாளு தெரியுமா தெரியாதா? ஒரு நிமிஷம் இருங்க" என்றவர், வண்டியை நிறுத்தி மர்யமைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா நீ, நட்ட நடு வழியில நின்னுக்கிட்டு? தள்ளிக்கோ, பூ வாடுது."

"சாரி அக்கா, சாரி."

மர்யம் இரண்டு காலையும் இழுத்துக்கொண்டு தூணோடு ஒட்டி நின்றார். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, பின்னால் வந்தவர்களையும் ஒரு கையை நீட்டி நிறுத்தி, ரோஜாவுக்காகச் சண்டையைத் தொடர்ந்தபடி போன மங்களத்துக்கு வழி விட்டார்.